அழக்கூடாத நாள்

என் அப்பா இறந்தது பங்குனியில். நாங்கள் அழுதது சித்திரையில். நடுவில் ஒரு வருஷப்பிறப்பு வந்து போனது.

அப்பாவின் உடல் ஊருக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அந்த ஒரு நாளில் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவதோடு நின்றவள் நான். வீட்டில் ஒருவர் அரபு நாட்டில் கிடக்க, மற்றவர்கள் இங்கே இலை போட்டுப் பண்டிகை கொண்டாடினோம். என் வயதுக்காரர்களுக்கு நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊர் பாபநாசத்திலிருந்து சைக்கிள் தூரம். எனக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு ஆறு. வீட்டில் அம்மா, தம்பி, நான், பெரியப்பா. பெரியப்பா அப்பாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் சாப்பாடு. அம்மா அவரை மாமா என்று கூப்பிடுவாள்.

அந்த வருஷங்களில்தான் மிராசு வீட்டார் ஒவ்வொருவராக மெட்ராசுக்குக் குடிபோனார்கள். பிள்ளைகளுக்கு அங்கே வேலை. நிலத்தை விற்றார்கள். எங்கள் தெரு ஆண்கள் அரபு நாட்டுக்குப் போய் உழைத்து அதை வாங்கினார்கள். அப்பா கட்டட வேலைக்குப் போய் மூன்று மா நிலம் வாங்கினார். அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நட்ட வயல். தை அறுப்பு முடிந்த பிறகுதான் எங்கள் பேருக்கு வந்தது. அதனால் வரப்போகிற சித்திரைதான் அந்த வயலில் எங்களுக்கு முதல் சித்திரை.

சித்திரை ஒன்று எங்கள் பக்கம் நல்லேர் பூட்டும் நாள். வருஷத்தின் முதல் உழவு. தண்ணீர் இருக்காது. குடமுருட்டி ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். வயல் உளுந்து பிடுங்கி வெடித்துப் போயிருக்கும். ஆனாலும் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் தடவி ஓட்டிப் போக வேண்டும். வயலின் வடகிழக்கில், சனிமூலையில் சாணிப் பிள்ளையார் வைத்துத் தேங்காய் உடைக்க வேண்டும். ஏரைப் பூட்டி மூன்று சுற்று. ஒரு கை விதைநெல் தூவ வேண்டும். அவ்வளவுதான். அன்று ஏர் படாத மண் அந்த வருஷம் விளையாது என்று நம்பினோம்.

தீட்டுக்காரர்கள் ஏரைத் தொடக்கூடாது. ஒரு சாவு விழுந்தால் பங்காளிகள் யாருமே பூட்ட மாட்டார்கள். ஆனால் தூரதேசத்துச் சாவுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். செத்த நேரத்திலிருந்து தீட்டு இல்லை. சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு.

இன்னொன்று. அன்று அழக்கூடாது. அடிக்கக்கூடாது, திட்டக்கூடாது. முதல் நாள் செய்ததுதான் வருஷம் பூராவும் தொடரும் என்பார்கள். பிள்ளைகளுக்கு வருஷத்தில் அடிவிழாத ஒரே நாள் அது.

மாசி மாதம் அப்பாவிடமிருந்து ஒரு கேசட் வந்தது. எழுதத் தெரியாதவர்கள் அப்போது பேசித்தான் அனுப்பினார்கள். ஊருக்கு வருகிற யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். டேப்பைச் சுற்றி உட்கார்ந்தோம்.

"சித்திரை ஒண்ணு அன்னைக்கு நம்ம மண்ணுல நல்லேரு பூட்டியே ஆவணும். எனக்கு லீவு இல்ல. அண்ணன் பூட்டட்டும். ஏருக்குக் கொழு புதுசா அடிச்சுப் போடுங்க. மிராசு வீட்டு ஏருக்குப் பின்னாடி ஓடினது போதும். அண்ணே, பக்கத்துல இருக்கியா? பீடிய விட்டியா இல்லியா?"

பெரியப்பா கையிலிருந்த பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அம்மா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிப் போனாள்.

"அங்கேருந்து தெரியுமா மாமா அவருக்கு?"

"அவனுக்குத் தெரியும். சின்னதுலேருந்து மோப்பம் புடிக்கிற பய."

அதுதான் அப்பாவின் குரலைக் கடைசியாகக் கேட்டது.

பங்குனி கடைசி நாள். கொல்லையில் வேப்பமரத்தடியில் அம்மாவின் பழைய புடவையை விரித்திருந்தோம். பூ கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாசனை எனக்கு இன்றைக்கும் ஆகாது. நெற்றிப் பொட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மா பூவைப் புடைத்துக்கொண்டிருந்தாள். பாபநாசத்து உரக்கடையில் வேலை செய்யும் ஆள் சைக்கிளில் வந்தான். அந்தக் கடை போன் நம்பரைத்தான் அப்பா அங்கே கொடுத்திருந்தார்.

"பெரியவரே, வெளிநாட்டுலேருந்து போனு. மறுபடி கூப்புடுவாங்களாம். ஒடனே வரச் சொன்னாங்க."

அம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். "வருஷப்பொறப்புல்ல, அதான் கூப்புடுறாரு. நானும் வரட்டா மாமா?"

"நீ எதுக்கும்மா வெயில்ல. கேட்டுட்டு வந்துடுறேன்."

"கொழு போட்டாச்சுன்னு சொல்லுங்க. மறந்துடாதீங்க."

பெரியப்பா பொழுது சாய்ந்துதான் திரும்பினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழையவில்லை. சுவரில் சாத்திவிட்டு நேரே குளத்துக்குப் போனார். கட்டிய வேட்டியோடு முழுகி, ஈரம் சொட்டச் சொட்ட வந்தார்.

"என்ன மாமா, இந்த நேரத்துல குளியலு?"

"வெக்கையா இருக்கும்மா."

"என்ன சொன்னாரு?"

"லைன் சரியில்ல. நாளைக்குப் பேசுறாங்களாம்."

"கொழுவச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"லைனே இல்லங்கிறீங்க. கொழுவ மட்டும் சொன்னேங்கிறீங்க." அம்மா சிரித்தாள். பெரியப்பா மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். சாப்பிட வரவில்லை.

மறுநாள் விடிகாலையில் வாசலில் சாணம் தெளித்துப் பெரிய கோலம் போட்டோம். நிலையில் மாவிலையும் வேப்பிலையும் கட்டினோம். அப்பா அனுப்பிய பூப்போட்ட பாரின் சேலையை அம்மா முதன்முதலாக உடுத்தினாள். அதுவரை பெட்டியில் மடிப்பு கலையாமல் வைத்திருந்தது. பாச்சை உருண்டை வாசனை அடித்தது. தலை நிறைய கனகாம்பரம். நெற்றியில் பெரிய பொட்டு.

பச்சடி கிண்டும்போது அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். மாங்காய்ப் புளிப்பு, வெல்லத்து இனிப்பு, மிளகாய் உறைப்பு, உப்பு, பூவின் கசப்பு, மாங்கொட்டைத் துவர்ப்பு. எல்லாம் ஒரே வாயில் போக வேண்டும். வருஷத்தில் எல்லாம் வரும், எதையும் துப்பக்கூடாது என்று அர்த்தமாம்.

"இந்த வருஷம் வெல்லம் தூக்கலா இருக்கட்டும்டி. சொந்த மண்ணு வந்திருக்கு." இன்னொரு அச்சு வெல்லத்தை உடைத்துப் போட்டாள்.

பெரியப்பா பச்சடியைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றார். சாமி படத்துக்கு முன்னால் வந்து நிற்கவும் இல்லை. மாட்டைக் குளிப்பாட்டுவதாகச் சொல்லிக் கொல்லையிலேயே நின்றார்.

தம்பி விதைநெல் வைத்திருந்த பெட்டியைத் தடுக்கிக் கவிழ்த்துவிட்டான். நெல் வாசலெல்லாம் ஓடியது. பெரியப்பா சட்டென்று கை ஓங்குகிற ஆள். அவன் ஓடத் தயாராக நின்றான். அவர் வந்து அவன் தலையில் கை வைத்தார். எடுக்கவே இல்லை.

"விடுங்க பெரியப்பா, வேர்க்குது" என்றான் தம்பி.

வயலில் தெருவே கூடியிருந்தது. எங்கள் ஆட்கள் சொந்த மண்ணில் பூட்டுகிற முதல் நல்லேர். மிராசு வீட்டார் இருந்த மேலத்தெருவிலிருந்துகூட இரண்டு மூன்று பேர் வாய்க்கால் மேட்டில் நின்று பார்த்தார்கள். பக்கத்து வயல்காரர் தேங்காய் உடைத்தார். பெரியப்பா உடைக்கவில்லை. புதுக் கொழு வெயிலில் பளபளவென்று இருந்தது. ஏரைப் பூட்டியதும் எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் வரப்பிலேயே நின்றார். வயலுக்குள் இறங்கவில்லை.

"தம்பி, போயி மேழியப் புடிடா."

பக்கத்து வயல்காரருக்குச் சிரிப்பு வந்தது. "என்னய்யா, மேழி ஒசரங்கூட இல்ல. அவன் கையில குடுக்குற? நீ புடிச்சா மாடு மாட்டேங்குதா?"

"அவங்கப்பன் மண்ணு. அவன் புடிக்கட்டும்."

அது எல்லோருக்கும் பிடித்துப் போனது. ஒரு கிழவர் சபாஷ் என்றார். தம்பி மேழியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். பக்கத்து வயல்காரர் கூடப் பிடித்து மாட்டை ஓட்டினார். கொழு கட்டி மண்ணில் ஏறி ஏறி விழுந்தது. புழுதி கிளம்பியது. அம்மா வரப்பில் செம்போடு நின்றாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இன்னைக்கு அழக்கூடாது" என்று அவளே சொல்லி, முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பெரியப்பா அதைப் பார்த்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்புக் கை பட்டுவிட்டது என்றார்.

மத்தியானம் பிள்ளையார் கோயிலில் பஞ்சாங்கம் படித்தார்கள். மழை எவ்வளவு, வெள்ளாமை எப்படி, யார் ராசிக்கு என்ன. அம்மா முன்னால் போய் உட்கார்ந்து அப்பாவின் ராசியைக் கேட்டாள்.

"இடமாற்றம் இருக்கு. கஷ்டமெல்லாம் வெலகிடும்" என்றார் படித்தவர்.

"ஊருக்கு வந்துடுவாரு போலருக்கு மாமா" என்று அம்மா திரும்பினாள். பெரியப்பா அங்கே இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பாபநாசம் போயிருந்தார். விளக்கு வைத்த பிறகு வந்தார்.

"நல்ல நாளும் அதுவுமா எங்க போயிட்டீங்க?"

"உரத்துக்குச் சொல்ல."

"இன்னைக்குக் கடை ஏது?"

"பாதிக் கதவு தொறந்திருந்தான்."

அம்மா மேலே கேட்கவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்த நாள் பூராவும் அப்படித்தான் இருந்தாள். நான் இவ்வளவு சொல்வதும் அதற்காகத்தான்.

சித்திரை இரண்டு. காலையில் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாள். முதல் நாள் பூ தலையில் வாடிக் கிடந்தது. பெரியப்பா வாசலில் நின்றார்.

"இந்தாம்மா. அந்தக் கொடத்தக் கீழ வை."

அம்மா வைத்தாள்.

"நேத்து ராத்திரி ஆளு வந்து சொல்லிட்டுப் போனான். என் தம்பி போயிட்டானாம். மாரடைப்பாம்."

அம்மா கத்தவில்லை. "ஒடம்பு?" என்றாள். அதுதான் முதல் கேள்வி.

"அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்களாம். நம்ம கையில ஒண்ணும் இல்லம்மா."

அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. தெரு ஓடிவந்தது. அப்பாவின் சட்டை ஒன்றைப் பாயில் விரித்து, அதற்கு மாலை போட்டு, அதைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். சட்டைப் பொத்தானை அம்மா ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். பிறகு ஆற்றுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். ஒரு சட்டை எரிய எவ்வளவு நேரம் ஆகும். போனவர்கள் உடனே திரும்பிவிட்டார்கள்.

பச்சடிச் சட்டி அடுப்படியில் மீந்திருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. யாரோ கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

என் படிப்பு அத்துடன் நின்றது. அம்மாவோடு வயலுக்குப் போனேன். தண்ணீர் தாமதமாகத்தான் வந்தது. சம்பா நட்டோம். பெரியப்பா மாடு மாதிரி உழைத்தார். பீடியை விட்டுவிட்டார். யாரும் சொல்லாமலே.

கார்த்திகையில் அடைமழை. ஒரு நாள் குடையோடு ஒருவர் வந்தார். நாகூர்க்காரர். அங்கே அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில். லீவில் வந்தவர் அப்பாவின் பையைக் கொண்டுவந்தார். இரண்டு சட்டை, சவரப் பெட்டி, தம்பிக்கு ஒரு ஸ்வெட்டர், பாதி பேசிய ஒரு கேசட். அம்மா அந்தக் கேசட்டைப் போடவில்லை. பல வருஷம் கழித்துப் போட்டுக் கேட்க மனம் வந்தபோது டேப் நாடாவைத் தின்றுவிட்டது.

அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"அக்கா, நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை சரின்னு சொல்லியிருந்தா அனுப்பி வச்சிருப்போம். உங்க இஷ்டம், நான் தப்பு சொல்லல."

அம்மாவுக்குப் புரியவில்லை. "எந்த வார்த்தை?"

"நான்தானே போன் பண்ணேன். பங்குனி கடைசியில. காலையில எழுப்புறேன், எந்திரிக்கல மனுசன். கம்பெனியில ஊருக்கு அனுப்புறோம்னாங்க. சம்சாரம் வாயால ஒடம்பு வேணும்னு சொல்லணும், நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்னாங்க. அக்காவக் கூட்டிட்டு வாங்கன்னு உங்க மச்சாண்டார்கிட்ட சொன்னேன். மறுநாள் அவரு மட்டும்தான் வந்து பேசுனாரு. அங்கேயே அடக்கம் பண்ணிடுங்கன்னாரு. அக்கா சொல்லிட்டாங்களான்னு கேட்டேன். சொல்லிட்டாங்கன்னாரு."

"நான் சொன்னேன்னா சொன்னாரு?"

"ஆமாக்கா."

கொட்டகையில் பெரியப்பா வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றது.

அம்மா நாகூர்க்காரரிடம் ஒன்று கேட்டாள். "அந்த ஊரு மண்ணு எப்படி இருக்கும்?"

"மணலு அக்கா. கையில நிக்காது. நாங்க நாலு பேரு நின்னோம். நானும் அள்ளிப் போட்டேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவர் போனார். அம்மா மழையில் நனைந்துகொண்டே கொட்டகைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"காதுல எப்ப விழுந்திச்சு மாமா?"

பெரியப்பா வைக்கோலைக் கீழே போட்டார். "மொத நாளே."

"அதான் முழுகுனீங்களா?"

"அவன்தாம்மா டேப்புல சொன்னான், பூட்டியே ஆவணும்னு. வெளியில தெரிஞ்சா எவன் பூட்ட விடுவான்? மொத வருஷம். மேலத்தெருவே வந்து பாத்திச்சு. பாத்தியா, இவனுங்க மண்ணு வாங்குனானுங்க, வாய்க்கலன்னு சொல்லியிருப்பானுங்க. சாயங்காலம் உன்னையப் போனுக்குக் கூட்டிப் போயிருந்தா, தெரிஞ்சே பூட்டுனோம்னு ஆயிருக்கும். ஒரு நாளுதானேன்னு நெனச்சேன். உன்னையும் ஒரு நாளு சிரிக்க விடுவோம்னு நெனச்சேன்."

"மண்ணுக்குத் தீட்டு ஒட்டக்கூடாதுன்னு வரப்புலயே நின்னீங்க. ஏரத் தொடல, தேங்காயத் தொடல, பச்சடியத் தொடல. எல்லாத்தையும் பாத்துப் பாத்துச் செஞ்சீங்க." அம்மாவின் குரல் உயரவில்லை. "என்னைய மட்டும் பூ வச்சுக்கிட்டு நிக்க விட்டீங்க."

பெரியப்பா குனிந்து வைக்கோலை அள்ளினார். அதற்குப் பிறகும் அம்மா அவருக்குச் சோறு போட்டாள். துணி துவைத்துக் கொடுத்தாள். மாமா என்று மட்டும் கூப்பிடவில்லை.

எனக்கு இப்போது அன்றைய பெரியப்பாவின் வயது தாண்டிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. செத்த தம்பி சொன்னதைச் செய்தார். உயிரோடு இருந்தவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நிலம் கரம்பாகக் கிடக்கட்டும், அவரைக் கொண்டுவாருங்கள் என்றிருப்பாள். அவருக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை.

அடுத்த சித்திரை ஒன்று வந்தது. அம்மா பச்சடி கிண்டவில்லை. விடிந்ததும் வயலுக்குப் போனாள். தாலி அறுத்தவள் அந்த வேளையில் எதிரே வரக்கூடாது என்பார்கள். யாரும் தடுக்கவில்லை. ஏர்கள் வரிசையாகப் பூட்டி நின்றன. அவள் நேரே சனிமூலைக்குப் போனாள். பிள்ளையாருக்குக் கொஞ்சம் தள்ளி, வெடித்த மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். ஒப்பாரி வைத்தாள்.

முதல் வருஷம் சட்டைக்கு முன்னால் அழுததுபோல் இல்லை. மாரில் அடித்துக்கொண்டு, பேர் சொல்லி அழுதாள். புருஷன் பேரை அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன். கொழு புதுசு போட்டதைச் சொல்லி அழுதாள். வெல்லம் தூக்கலாகப் போட்டதைச் சொல்லி அழுதாள். நீ ஐஸ் பெட்டியில் கிடக்க நான் பாரின் சேலையில் நின்றேனே என்று அழுதாள். மாடுகள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன. மணிச் சத்தம் கேட்டது. வருஷம் முதல் நாள் எழவு விழுந்த சத்தமா என்று ஒருத்தர் முணுமுணுத்தார். பக்கத்து வயல்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

பெரியப்பா மேழியிலிருந்து கையை எடுத்தார். மாட்டை அவிழ்த்துவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டார். அவரும் அப்போதுதான் அழுதார்.

வெயில் ஏறிய பிறகு அம்மா நிறுத்தினாள். முடியை முடிந்துகொண்டாள். எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"இப்ப ஓட்டுங்க" என்றாள்.

ஓட்டினார்கள். அந்த வருஷம் நன்றாகவே விளைந்தது.

அதற்கடுத்த வருஷமும் போனாள். அதற்கடுத்த வருஷமும். ஐந்தாறு வருஷத்தில் கூட இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தியின் மகன் மலேசியாவில் செத்துப்போனவன். இன்னொருத்தியின் புருஷன் எங்கே போனான் என்றே சேதி இல்லை. எங்கள் தெருவில் அவர்கள் அழுது முடிக்கும்வரை ஏரைப் பூட்டாமல் காத்திருந்தார்கள். அதுவே வழக்கமாகிப் போனது. பிறகு டிராக்டர் வந்தது. டிராக்டர்காரனுக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நிற்பான்.

பெரியப்பா போய்விட்டார். அம்மாவும் போய்விட்டாள். வயல் தம்பியிடம் இருக்கிறது. என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஒரு அறையில் எட்டுப் பேர்.

சித்திரை ஒன்று காலையில் அவன் வீடியோவில் வருவான். எல்லோரும் குளித்துத் திருநீறு பூசி நிற்பார்கள். புத்தாண்டு வாழ்த்து என்று கத்துவார்கள். பச்சடியைக் காட்டச் சொல்வான். அப்புறம் காட்டுகிறேன் என்பேன். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். எட்டும் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

"என்னம்மா, வாழ்த்து சொல்ல மாட்டியா?"

"சொல்றேன். நேத்து யாருக்கும் ஒண்ணும் இல்லியே?"